பதினேழாவது கேள்வி

போன மாதம் ஒரு மத்தியானம் பிரியா போன் செய்தாள். கிராஸ்கட் ரோட்டுப் பயிற்சி மையம் ஒன்றில் இருபத்தாறு வருடம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறவள்.

“சார், நம்ம அட்மிஷன் ஃபாரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருக்கறோமுங்க. பதினாறு கேள்வி ஏத்தியாச்சு. பதினேழாவது மட்டும் எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியலீங்க. தூக்கிப்போடலாங்களா?”

அந்தக் கேள்வி இதுதான்: ‘ஒரு நாளில் உங்களுக்கு யார் யார் போன் செய்கிறார்கள்? எதற்காக?’

சேர வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ‘லோன் வேணுமா என்று கேட்கும் அக்கா’ என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் அதைச் சேர்க்கவில்லை, சேர்த்தவன் நான்தான். பிரியாவிடம், “சும்மா, பிள்ளைங்களைப் பேச வைக்கத்தாம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் அதே வாயால் அதே மாதிரிப் பொய் சொல்கிறேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மையத்தில் வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்களுக்கான நுழைவுத் தேர்வுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் பயிற்சி தருவார்கள். விண்ணப்பத்தோடு போகும் கட்டுரையைச் சரிபார்ப்பதும், இண்டர்வியூவுக்கு ஆளைத் தயார் செய்வதும் என் பொறுப்பு. சரிபார்ப்பது என்பது நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்ளும் வார்த்தை. பாதிக்கு மேல் நானே எழுதுவேன்.

நான் இங்கே வந்து சேர்ந்தது பெரிய கதை இல்லை. என் அத்தா கோட்டைமேட்டில் தகரப் பெட்டி செய்து விற்றவர். ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைகள் அதைத்தான் வாங்குவார்கள். நான் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துக்கொண்டே கடையையும் பார்த்தேன். தகரம் வாங்கப் போவது, ஆர்டர் எடுப்பது, பேரம் பேசுவது எல்லாம் நான்தான். ஆனால், “கடைய யாரு பாக்கறா?” என்று யாராவது கேட்டால், “அத்தாதான்” என்பேன். நான் என்ற வார்த்தை மறந்தும் வாயில் வராது. அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளை ‘நான் பார்க்கிறேன்’ என்று சொல்வது எங்கள் ஊரில் அவரை வீட்டுக்கு வெளியே உட்கார வைப்பதற்குச் சமம். இந்து வீடானாலும் எங்கள் வீடானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எம்.ஏ. முடித்து, இரண்டு டுடோரியலில் குப்பை கொட்டி, கடைசியில் விசாலாட்சி மேடத்திடம் வந்து சேர்ந்தேன். மேடம் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம். இருபத்தாறு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட, “நாளையில இருந்து நீங்க ஊட்லயே இருந்துக்குங்க, நல்லாருப்பீங்க” என்றுதான் அனுப்புவார். கட்டுரை எழுதிக்கொண்டு போனால் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து ஜன்னலோரம் போய், காகிதத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்ப்பார். பிறகு ஒரே கேள்வி கேட்பார்: “இதுல ஆளு எங்கீங்க, ஜாபர் சார்?”

அந்தக் கேள்விக்கு நான் நடுங்குவேன். ஆள் இல்லாத கட்டுரை திரும்ப வரும். பிள்ளைகளோ எதைக் கேட்டாலும் “எங்க டீம்ல பண்ணோமுங்க”, “சார் சொன்னாருங்க, செஞ்சோமுங்க” என்பார்கள். ஆளைத் தேடிப் பிடிக்க நேரம் வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு ஆறு ஃபைல் மேசைக்கு வரும். அதனால் தேடுவதை விட்டு, செய்து கொடுக்க ஆரம்பித்தேன். தகரத்தை வெட்டி மடக்கிப் பெட்டி செய்கிற வீட்டுப் பையன்தானே.

படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் வேலைக்குப் போகாதவர்களின் ஃபைலுக்கு எங்களிடையே ‘ஓட்டை ஃபைல்’ என்று பெயர். ஓட்டையை அடைக்க என்னிடம் ஏழெட்டுக் கதை எப்போதும் தயாராக இருந்தது. முதியோர் இல்லம், ரத்த தானம், மரம் நடுதல், நொய்யல் ஆற்றைச் சுத்தம் செய்தல். எங்கள் மாணவர்கள் கட்டுரையில் சுத்தம் செய்த அளவுக்கு நிஜத்தில் செய்திருந்தால் இன்றைக்கு நொய்யலில் அடி மணல் தெரிந்திருக்கும். யாரும் பிடிபடவில்லை. சுவரில் சீட் வாங்கியவர்களின் போட்டோ கூடிக்கொண்டே போயிற்று. நானும் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

கோகிலா வந்தது அந்தக் காலத்தில்தான்.

காங்கேயத்துப் பக்கம் தேங்காய் எண்ணெய் மில் குடும்பம். பி.காம். முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சித்தப்பாவோடு வந்தாள். அவள் பேசவில்லை, அவர்தான் பேசினார்.

“ஏனுங்க சார், அண்ணனுக்கு ஒடம்பு முன்ன மாதிரி இல்லீங்க. பையன் கெடையாது, இவ ஒருத்திதான். மில்ல இவளே பாக்கோணும்னு ஆசைப்படறா. பொம்பளப் புள்ள வெறுமனே போயி உக்காந்தா பேங்க்காரனும் மதிக்க மாட்டான், யாவாரியும் மதிக்க மாட்டான். ஒரு வருசம் வெளிநாட்டுல படிச்சுப்போட்டு வந்தா செரி, அதுவரைக்கும் நான் பாத்துக்கறனுங்க. இந்தத் தடவ சீட்டு கெடைக்கலீன்னா குத்தகைக்கு உட்டுப்போடலாம்னு பங்காளிக எல்லாருஞ் சேந்து பேசியாச்சுங்க. ஆளுகூடப் பாத்து வச்சிருக்கறோம்.”

கோகிலா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, அவசரம் இருந்தது.

படிவத்தை அவள் நிரப்பினாள். ‘வேலை அனுபவம்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு. “மூணு வருசம் என்னம்மா பண்ணின?” என்று கேட்டேன்.

“சும்மா ஊட்லதானுங்க சார் இருந்தேன். அப்பாவுக்கு ஒத்தாசையா.”

“என்ன ஒத்தாசை?”

“அப்பா சொல்றதச் செய்வேனுங்க.”

நான் பச்சை ஃபைலின் மேல் சிவப்பு மையால் ‘ஓட்டை’ என்று எழுதிக்கொண்டேன். அத்தா கடையை அத்தனை வருடம் பார்த்துவிட்டு ‘அத்தாதான்’ என்று சொன்ன நானே அதை எழுதினேன். இன்னொருவர் வீட்டுப் பெண் சொன்னபோது அது என் காதில் ஏறவில்லை.

படிப்பில் அவளிடம் குறை இல்லை. நுழைவுத் தேர்வில் தேவைக்கு மேலேயே வாங்கினாள். ஆங்கிலத் தேர்வில் ஒன்பதுக்கு ஏழரை. சித்தப்பாவிடம் சொன்னபோது, “ஏழரைங்களா? சனிக்குத்தானுங்க ஏழரை கேள்விப்பட்டிருக்கறோம், அது நல்லதுங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் தனியாக அவள் வாங்கியதும் அதே ஏழரைதான். இந்த இடத்தையும் மறந்துவிடாதீர்கள்.

கட்டுரைக்கு மூன்று அமர்வு. இரண்டாவது அமர்வில், போன கோடை விடுமுறையில் மில் வேலையாட்களின் குழந்தைகளுக்கு ஒரு மாதம் இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். போதாதா? ஒரு மாதத்தை மூன்று வருடமாக்கினேன். பத்துக் குழந்தைகளை அறுபதாக்கினேன். ஒரு மாலைப் பள்ளிக்கூடமே கட்டிக் கொடுத்தேன். மேடம் ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். “இப்பத்தானுங்க ஆளு இருக்குது” என்றார். கோகிலா படித்துவிட்டு ‘மூன்று வருடம்’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“சார், இது அத்தன நாள் நடக்கலீங்களே.”

“எல்லாரும் இப்படித்தாம்மா எழுதறாங்க. நீ எழுதலீன்னா நீ மட்டும் பின்னால நிப்ப. மில்லு உனக்கு வேணுமா வேண்டாமா?”

அப்படித்தான் கேட்டேன். அவளுக்கு எது வலிக்கும் என்று தெரிந்தே அந்த இடத்தில் அழுத்தினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இண்டர்வியூ வீடியோவில். அதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. வெள்ளைச் சுவருக்கு முன்னால் மேசை. அதன்மேல் மூன்று டிக்‌ஷனரியை அடுக்கி, மேலே லேப்டாப்பை வைத்தால் கேமரா கண் மட்டத்துக்கு வரும். நம் பிள்ளைகள் பேசும்போது மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதனால் கேமரா பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்து, ‘பொட்டைப் பார்த்துப் பேசு’ என்பேன். வருடத்துக்கு ஒரு அட்டை பொட்டு வாங்குவேன். முதல் தடவை என் சட்டைப் பையில் அதைப் பார்த்த என் மனைவி, “இது யாருக்குன்னு கேக்கலாமா, கூடாதா?” என்றாள்.

கோகிலாவுக்கு மாதிரி இண்டர்வியூ நடத்தினேன். நான் இங்கிலீஷில் கேட்க, அவள் பொட்டைப் பார்த்து, மாலைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒப்பித்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நடுவில் அவள் போன் அடித்தது. எடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வராந்தாவுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

“சொல்லுங்கண்ணா... எத்தன மூட்டைங்க?... ஒடச்சுப் பாத்தீங்களா? நகத்துல அழுத்தினா பள்ளம் உழுவுதுங்களா?... கந்தகப் பொக போட்டு வெளுத்த வாசம் அடிக்குதுன்னா ஒரு மூட்டகூட எறக்காதீங்க. லாரிய அப்படியே திருப்பச் சொல்லுங்க. அவரு கத்துவாரு, கத்தட்டும். அடுத்த வாரம் நல்ல சரக்கோட வந்தா எடுத்துக்கறோம்னு சொல்லுங்க, ஒறவு முறிய வேண்டாம்... களத்துல இருக்கற கொப்பரையத் தார்ப்பாய் போட்டு மூடிட்டீங்களா? மேக்க மானம் இருண்டிருக்குது... யாரு சொன்னாங்கன்னு கேட்டா, அப்பா சொல்லிட்டாருன்னு சொல்லுங்க.”

இரண்டு நிமிடம் இருக்கும். அந்தக் குரல் வேறு. நிமிர்ந்து நின்ற குரல். சரக்கின் தரம், ஆளின் குணம், வானத்தின் நிலை எல்லாம் பார்த்து, யாரும் மனம் கோணாமல் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினாள். அத்தனை வருடமாக நானும் மேடமும் எல்லா ஃபைலிலும் தேடிய ஆள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் திரும்பி வந்ததும், “இண்டர்வியூ முடியற வரைக்கும் அந்த போனை ஆஃப் பண்ணி வையும்மா. கவனம் சிதறுது” என்றேன்.

“செரிங்க சார், மன்னிச்சுக்குங்க” என்று அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுபடி கிணற்றுக் குரல்.

இண்டர்வியூ நாளில் நான் அதே அறையில், லேப்டாப்புக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடும் சத்தம்கூட வரக்கூடாது. திரையில் ஒரு பெண்மணியும் ஒரு ஆணும் இருப்பது குரலில் தெரிந்தது. பெண்மணி பள்ளிக்கூடத்தில் ஆர்வமாகிவிட்டார். குழந்தைகள் மாலையில் எத்தனை மணிக்கு வருவார்கள்? மூன்று வருடத்தில் உன்னிடம் படித்து முன்னேறிய ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லேன்?

கோகிலா பொட்டைப் பார்த்தாள். பிறகு பொட்டை விட்டுவிட்டு நேரே திரையைப் பார்த்தாள். அது ஒரு மாதம்தான் நடந்தது என்று சொன்னாள். தெளிவான இங்கிலீஷ், தடுமாற்றமே இல்லை.

மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறாயே?

“தவறு என்னுடையது” என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அப்படியானால் மூன்று வருடம் என்ன செய்தாய் என்று ஆண் குரல் கேட்டது. அதுதான் கடைசி வாய்ப்பு. லாரியைச் சொல், கந்தகத்தைச் சொல், கொப்பரைக் களத்தைச் சொல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவள் சொன்னாள்: “வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு உதவியாக இருந்தேன்.”

வெளியே வந்து, “பொய் சொல்ல வாய் வரலீங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பதில் மையத்தின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். பத்து நாளில் வந்தது. கட்டுரைக்கும் நேர்காணலுக்கும் முரண்பாடு இருப்பதால் பரிசீலிக்க இயலவில்லை என்று நாலு வரி. நான் ஒருவன்தான் படித்தேன். சித்தப்பாவும் அவளும் வந்து எனக்கும் மேடத்துக்கும் எதிரே உட்கார்ந்தார்கள்.

“என்னங்க சார் காரணம்?”

மேடம் என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த போட்டோக்களை நான் பார்த்தேன்.

“இங்கிலீஷ்ல கொஞ்சம் பத்தலீங்க” என்றேன்.

“டெஸ்டுல நல்ல மார்க்குன்னீங்களே?”

“டெஸ்டு வேறங்க, நேர்ல பேசறது வேறங்க.”

கோகிலா மெதுவாகத் தலையாட்டினாள். “ஆமாங்க சித்தப்பா, எனக்கே தெரிஞ்சுது” என்றாள். உண்மையை ஒத்துக்கொண்டதற்காகச் சீட்டை மறுப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை; நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்த்த வீடு.

அவளுடைய ஒரிஜினல் மார்க் ஷீட்டுகள் பச்சை ஃபைலிலேயே தங்கிவிட்டன. கூரியரில் அனுப்பியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நானே காங்கேயம் பஸ் ஏறினேன். மில் வாசலில் குத்தகைக்காரரின் லாரி நின்றது. வீடு பின்னால். கோகிலா இளநீர் வெட்டிக் கொடுத்தாள். கூடத்தில் நாற்காலியில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். அவர் இடது கையை மட்டும் லேசாகத் தூக்கினார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏதோ முனகினார், வார்த்தையாக வரவில்லை.

“அப்பாவுக்கு எப்ப இருந்தும்மா இப்படி?”

“நான் காலேஜ் முடிச்ச வருசத்துல இருந்துங்க சார். பேச்சு வராதுங்க. நாம பேசினா எல்லாம் புரியுமுங்க.”

இளநீரைக் கீழே வைத்தேன். “அன்னைக்கு போன்ல, அப்பா சொல்லிட்டாருன்னு...”

“அப்படிச் சொன்னாத்தானுங்க சார் கேப்பாங்க.”

“அப்போ மூணு வருசமா மில்ல யாரும்மா பாத்தது?”

அவள் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பாதானுங்க சார்” என்றாள்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. இடது கையால் மகளைக் காட்டினார், மறுபடி மறுபடி. அவள் துண்டெடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். அந்த மனிதருக்கு முன்னால் வைத்து, உன் மகள் தோற்கவில்லை, நான்தான் தோற்கடித்தேன் என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். சொல்லவில்லை. மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

மறுநாள் படிவத்தில் பதினேழாவது கேள்வியைச் சேர்த்தேன். கதை எழுதுவதை நிறுத்தினேன். யாருக்கு யார் போன் செய்கிறார்கள் என்று கேட்டால், அந்த வீட்டை நிஜமாக யார் தாங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளை அந்தக் கேள்வியில் கண்டுபிடித்தேன். அதைச் சொல்லி நான் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெருமை மொத்தமும் ஒருத்தியிடமிருந்து எடுத்தது.

நான் ஓய்வு பெற்ற மாதத்தில் காங்கேயத்திலிருந்து ஒரு பெண் சேர வந்தாள். கோகிலாவின் ஒன்றுவிட்ட அக்கா மகள். படிவத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“சித்திதானுங்க சார் உங்ககிட்ட அனுப்பினாங்க. எனக்கு மொதல்ல இங்கிலீஷ நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்க. அவிங்களுக்கு அதுலதான் போச்சுங்களாமா. இன்னும் தெனமும் காலைல இங்கிலீஷ் பேப்பரச் சத்தமா வாசிக்கறாங்க சார். ஊட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். எப்பத்தான் பத்துமோன்னு அவிங்களும் சிரிப்பாங்க.”

“சரிம்மா” என்றேன். அப்போதும் அவ்வளவுதான் சொன்னேன்.

பிரியா, அந்தக் கேள்வியைத் தூக்கிவிடாதே. கோகிலாவின் இங்கிலீஷ் எப்போதோ பத்திவிட்டது. இதை உங்களுக்கெல்லாம் எழுதுவதற்கு முன்னால் அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து காங்கேயத்துக்கு நாள் முழுக்க பஸ் போகிறது. பஸ் கிடைக்கவில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.